பியானோவுக்கு வச்ச தண்ணி

"ஸ்டாட்டிக்ல முடி பறக்குதா? உங்க ஊர்ல எங்கடி ஸ்டாட்டிக் வரப்போகுது, எந்நேரமும் மழையும் மூடுபனியுமா நனைஞ்சு கெடக்கிற ஊரு" அப்படின்னு கொழும்புல சலூன் வச்சிருக்கிற என் சிநேகிதி போன்ல சொல்லிச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்கு ஜீரணமாகவே இல்ல. அவ சொல்றதுல நியாயம் இல்லன்னும் சொல்ல ஏலாது. 1,868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல போட்ட துணி காயாது, சுவரு பூசணம் புடிக்கும், உப்பு டப்பாவுக்குள்ள தண்ணி விட்டு நிக்கும். ஸ்டாட்டிக்குன்னா உரசுறதுல ஏறி நிக்கிற மின்சாரம், அது காஞ்ச காத்துல வர்ற சங்கதி. அப்ப ஜனவரி மாசம் காலையில 10 மணிக்கு ரிசெப்ஷன்ல நிக்கிற என் தலையில மட்டும் ஏன் ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு திசையில எழும்பி நிக்குது? இதுக்கு அவகிட்ட பதில் இல்ல, "நீ மொதல்ல ஷாம்புவ மாத்து"ன்னுட்டு வேற கதைக்குப் போயிட்டா.

நான் வேலை செய்யிறது ஒரு பழைய ஹோட்டல்ல, பேரு வேணாம். மரப்பலகை அடிச்ச லொபி, தரை முழுக்க நைலோன் கார்ப்பெட், ஒரு மூலையில யாரும் வாசிக்காத பியானோ, ரெண்டு பக்கமும் கரண்ட் ஹீட்டர். எங்களுக்கு யூனிஃபோர்ம் பொலியஸ்டர் சாரி, மேல பொலியஸ்டர் பிளேஸர். நான் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து விடியக்காலை பஸ் புடிச்சு வர்றவ. நானுஓயா தாண்டுறப்ப மூடுபனி ஜன்னல் வழியா உள்ளயே வரும், பஸ்ஸ விட்டு இறங்குறப்ப நெத்தி ஓரமெல்லாம் ஈரமாகி சுருண்டு, தலை ஒண்ணுக்கு ரெண்டா ஊதியிருக்கும். டொய்லட்ல போய் சீவி, கொண்டை போட்டு, வலை மாட்டிட்டு வந்து நிப்பேன். ஒரு மணித்தியாலம் போகட்டும், அப்புறம் பாருங்க கூத்த. கொண்டைக்குள்ள அடங்காத சின்னச் சின்ன முடியெல்லாம் நேரா எழும்பும். ஒண்ணு வந்து உதட்டுல ஒட்டும், எடுத்து காதுக்குப் பின்னால விட்டா விரலோடயே திரும்ப வரும். கெஸ்ட்டோட பாஸ்போர்ட்ட பிளாஸ்டிக் கவர்ல இருந்து உருவுறப்ப முன்முடி அந்தக் கவர்ப் பக்கமா சாயும். ரூம் சாவிய நீட்டுனா அவங்க விரல்ல சுளீர்னு ஒரு ஷொக். ஒரு வயசான வெள்ளக்காரம்மா சாவியக் கீழ போட்டுட்டு சிரிச்சுச்சு. பக்கத்துல நின்ன மேனேஜர் சிரிக்கல.

அவருக்கு இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம். "தலைக்கு எண்ணெய் வைக்கிறதில்லையா நீங்க" ன்னாரு. சரின்னு அடுத்த நாள் நல்லா எண்ணெய் வச்சு, படிய வாரிட்டுப் போனேன். முடி அடங்குச்சு. மத்தியானம் கூப்பிட்டாரு. "ரிசெப்ஷன்ல எண்ணெய் வழியுற தலையோட நிக்கக்கூடாது மிஸ், பாத்தவுடனே எஸ்டேட்டுன்னு தெரியுது" ன்னாரு. எண்ணெய் இல்லாட்டி பறக்குது, எண்ணெய் வச்சா தோட்டம் தெரியுது. ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு வரச்சொன்னாரு, அதையும் நம்ம சம்பளத்துல தான் வாங்கணும். (அந்த ஸ்ப்ரேல அல்கஹோல் நெறைய இருக்கு, ஹீட்டர் பக்கத்துல நின்னு அடிக்காதீங்க.) என்கூட நிக்கிற கண்டிப் பிள்ளைக்கும் இதே கதிதான், அவளுக்கு எண்ணெய்ப் பழக்கமே கிடையாது, முடியும் நேர் முடி. ஆனா அவளுக்கு "ஸ்ப்ரே அடிங்க" மட்டும்தான் வந்துச்சு, எஸ்டேட் வரல.

எண்ணெய்ப் போத்தல்

எண்ணெயப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் மேல போகணும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிடும். நுவரெலியாவோட சராசரியே 16 டிகிரி சுத்துது. அதனால கொழும்புல போத்தல சாய்ச்சு உள்ளங்கையில ஊத்துறாங்க, நாங்க கரண்டிக் காம்பால தோண்டுறோம். எங்க அம்மாயி, அம்மாவோட அம்மா, அதுக்காகவே வாய் அகண்ட போத்தல்ல எண்ணெய வாங்கி அடுப்புத் திட்டுல, கேத்தலுக்குப் பின்னால வச்சிருக்கும். காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் குடுக்கப் போறதுக்கு முன்ன அதுல விரல விட்டா மேல ஒரு விரக்கடை மட்டும் இளகியிருக்கும், அடியில வெள்ளையா கட்டி. அந்த இளகுனத உள்ளங்கையில தேய்ச்சு, நடுத்தலையில அழுத்தி, மிச்சத்த அடிமுடி வரைக்கும் இழுத்து விடும். எண்ணெய்ல அடுப்புப் புகை வாசம் ஏறியிருக்கும், ஸ்கூல்ல டவுன் பிள்ளைங்க மூக்கப் புடிப்பாங்க.

அம்மாயி செஞ்சதுல காரியம் இருக்கு. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஒயில் மூணையும் வச்சு ஒரு ஆய்வு 2003-ல வந்துச்சு, அதுல தேங்காயெண்ணெய் மட்டும்தான் முடியில இருந்து புரதம் கழண்டு போறத கணிசமா குறைச்சிருக்கு. அதுல இருக்கிற லோரிக் அமிலத்தோட மூலக்கூறு சின்னது, நேரானது, முடிக்குள்ளயே போயிடும். மத்த ரெண்டும் பெரும்பாலும் மேலயே நிக்கும். ஆனா ஸ்டாட்டிக் விஷயத்துல எண்ணெய் செய்யிறது வேற வேலை. எண்ணெய் கரண்ட்ட கடத்தாது, அதனால ஏறுன சார்ஜ இறக்காது. முடியும் சீப்பும் உரசுற உரசலக் குறைக்கும், சார்ஜ் ஏறுறதே கம்மியாகும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கனமா படுத்துக்கிடும். ரொம்ப காஞ்ச இடத்துல அப்படி படுக்க வைக்கணும்னா கொஞ்சூண்டு எண்ணெய் பத்தாது, பாக்கிறவங்களுக்குத் தெரியிற அளவுக்கு வேணும். மேனேஜருக்கு அங்கதான் புடிக்கல.

பறக்குறதெல்லாம் ஸ்டாட்டிக் இல்ல

இத நான் யார்கிட்டயும் படிச்சுத் தெரிஞ்சுக்கல, நின்ன எடத்துல கண்ணாடியப் பாத்துப் பாத்து தெரிஞ்சுக்கிட்டது. என் தலையில ஒரே நாளுக்குள்ள ரெண்டு விதமான கூத்து நடக்குது. பஸ்ஸுல வர்றப்ப நடக்குறது ஈரத்தால. முடி காத்துல இருக்கிற ஈரத்தக் குடிச்சு வீங்கும், வீங்குறப்ப ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும், தலை மொத்தமா உப்பும். தொட்டா மெத்துன்னு இருக்கும், எங்கயும் ஒட்டாது, சீப்பு கிட்ட வந்தாலும் அசையாது. லொபில நடக்குறது நேர் எதிர். முடி காஞ்சு, வழுக்குன்னு, நேரா நிக்கும், சீப்ப கிட்ட கொண்டுபோனா அதுவே எழும்பி வந்து ஒட்டும். பிளாஸ்டிக் சீப்பால வார்றப்ப முடியில இருக்கிற எலெக்ட்ரோன சீப்பு எடுத்துக்கிடும், முடியெல்லாம் ஒரே பக்க சார்ஜோட மிஞ்சும். ஒரே சார்ஜ் ஒண்ணையொண்ணு தள்ளும், அதான் ஒவ்வொண்ணும் மத்ததுகிட்ட இருந்து எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடி நிக்குது. பொலியஸ்டரும் சீப்பு செய்யிறதத்தான் செய்யும், பேல் பஜார்ல சல்லிசா கெடைக்கிற ஃபிளீஸ் ஜாக்கெட்ட தலை வழியா கழட்டுனா சடசடன்னு சத்தமே கேக்கும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அது ஈரமும் இல்ல ஸ்டாட்டிக்கும் இல்ல, ஒடைஞ்ச முடி. அம்மாயிக்கு நெத்திக்கு மேல, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால, குறுக்க ஒரு பட்டை மாதிரி முடி மெலிஞ்சு கெடக்கும். கொழுந்துக் கூடையோட கயிறு வருஷக்கணக்கா உக்காந்த எடம் அது. துணிய மடிச்சு கயித்துக்கு அடியில வச்சும் அந்த எடத்துல முடி வேரோட போச்சு, மிஞ்சுனது அரை விரல் நீளத்துல ஒடைஞ்சு ஒடைஞ்சு நிக்கும். எவ்வளவு எண்ணெய் வச்சாலும் அது படியாது. சின்ன வயசுல நான் அதத் தடவிக்கிட்டே தூங்குவேன். டவுன் சலூன்ல ஒரு தடவை தோட்டத்துல இருந்து வந்த ஒரு அக்காகிட்ட அந்த மாதிரி முடியக் காட்டி "இது ஃபிளைஅவே, சும்மா பறக்குற முடி, சீரம் போட்டா சரியாகும்" ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. சீரம் என்ன செய்யும், கயித்தயா அவுக்கும்?

அதனால மொதல்ல எதுன்னு பாருங்க. கையக் கொஞ்சம் ஈரமாக்கி, தொடச்சிட்டு, அந்த ஈரப்பதத்தோட முடி மேல லேசா தடவுங்க. உடனே படுத்துட்டா ஸ்டாட்டிக். படுக்காம இன்னும் சுருண்டா மூடுபனி வேலை. ஒண்ணுமே நடக்காம விறைச்சுக்கிட்டு நின்னா ஒடைஞ்ச முடி, அது வளர்ந்துதான் வரணும்.

"அப்ப உங்கள வாட்டுறாங்க"

ரெண்டும் ஒரே நாள்ல எப்படி வருதுங்கிறதுதான் எனக்கு விளங்கவே இல்ல. வெளிய அடிக்கிற அதே காத்துதானே கதவு வழியா உள்ள வருது, வெளிய நனைஞ்ச காத்து உள்ள வந்ததும் எப்படி காஞ்ச காத்தாகும்? இணையத்துல தேடுனா எல்லாம் பனி கொட்டுற நாட்டுக் கதை, காத்த ஈரமாக்குற ஹியுமிடிஃபயர் வாங்குங்க, துணி காய வைக்கிற டிரையர் மெஷின்ல போடுற ஷீட்டால தலையத் தடவுங்கன்னு. டிரையரே இல்லாத ஊர்ல ஷீட்டுக்கு எங்க போறது.

வெளங்க வச்சது அப்பா. அவரு தோட்டத்து ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபேக்டரியில, கொழுந்த வாட வைக்கிற மாடியில வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு. ஒரு ஞாயித்துக்கிழமை குசினியில ரொட்டி சுட்டுக்கிட்டே அம்மாகிட்ட இந்த மேனேஜர் கதையச் சொல்லிப் பொலம்பிக்கிட்டிருந்தேன். எஸ்டேட்டுன்னு சொன்னது வரைக்கும் பேசாம தேத்தண்ணி குடிச்சுக்கிட்டிருந்த மனுசன் ஹீட்டர்னு சொன்னதும் தலைய நிமித்துனாரு. "ஹீட்டரு எந்நேரமும் போட்டிருப்பாங்களா?" "ஆமாப்பா." "சன்னல் தொறப்பாங்களா?" "எங்க, கெஸ்டுக்குக் குளிருமாம்." கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சிக்கிட்டே "அப்ப உங்கள வாட்டுறாங்க பிள்ள" ன்னாரு.

பகிடிக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். அவரு கதிரைய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. மழைக்காலத்துல கொழுந்து நனைஞ்சு வரும், வெளிய அடிக்கிற காத்தும் நனைஞ்ச காத்து, அத ஃபேன் போட்டு எத்தனை மணித்தியாலம் கொழுந்துக்குள்ள ஊதுனாலும் வாடாது. ஏன்னா அந்தக் காத்துல இனி தண்ணி எடுக்க எடமில்ல. அப்ப என்ன செய்வாங்க, சூட்டுக் காத்தக் கொஞ்சம் கலந்து விடுவாங்க. காத்துல இருக்கிற தண்ணியில ஒரு சொட்டு கூட குறையல, ஆனா சூடு ஏறுன காத்துக்குத் தண்ணி புடிக்கிற எடம் பெருசாகிடும், அந்தப் புது எடத்துக்கு கொழுந்துல இருந்து தண்ணிய உறிஞ்சிக்கிடும். பச்சைக் கொழுந்துல நூத்துக்கு 75, 80 பங்கு தண்ணி, வாடி முடியிறப்ப 55 கிட்ட நிக்கணும். "நீ சும்மா தொட்டுப் பாத்து சொல்லுவியா?" ன்னு கேட்டேன். அதுக்கும் சாமான் இருக்காம். மாடிச் சுவத்துல ரெண்டு தெர்மோமீட்டர் பக்கத்துல பக்கத்துல தொங்கும், ஒண்ணோட அடியில ஈரத்துணி சுத்தியிருக்கும். ஈரம் ஆவியாகுறப்ப அது குளிரும், மத்தத விட கொறைவா காட்டும். காத்து நல்லா நனைஞ்சிருந்தா துணி காயாது, ரெண்டும் ஒரே அளவு காட்டும். வித்தியாசம் கூடக்கூட காத்துக்கு தாகம் கூடுதுன்னு அர்த்தம். தேயிலை பக்குவத்தப் பாத்துக்கிற டீமேக்கர் ஐயா மொதல்ல கொழுந்தப் பாக்கமாட்டாராம், அந்தக் கண்ணாடி ரெண்டையும்தான் பாப்பாராம். "சூட்டக் கூட்டிட்டா கொழுந்து ஓரத்துல காஞ்சு நொறுங்கும், நடுவுல பச்சையாவே இருக்கும், அன்னைக்கு எங்களுக்கு ஏச்சு. உங்க ஹோட்டல்ல யாரு பாக்குறா?"

அந்தக் கேள்வி என்னைய விடல. கணக்குப் போட்டுப் பாத்தேன். 8 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 8.3 கிராம் தண்ணிதான் ஆவியா வச்சிருக்க முடியும், 22 டிகிரியில 19.4 கிராம். காலையில கிரகரி வாவிப் பக்கம் கண்ணு தெரியாத மூடுபனி, 8 டிகிரி, ஈரப்பதம் நூத்துக்கு நூறு. அதே காத்த லொபிக்குள்ள எடுத்து 22 டிகிரிக்குச் சூடாக்குனா 43 சதவீதம். உறைபனி கொட்டுன காலையில 4 டிகிரியில இருந்து சூடாக்குனா 33. ஈரப்பதம் 40-க்குக் கீழ போயிட்டா முடி மேல இருக்கிற தண்ணிப் படலம் மெலிஞ்சிடும், ஏறுன சார்ஜ் கசிஞ்சு போக வழியிருக்காது, அங்கயே தங்கிடும். இன்னொண்ணும் இருக்கு. புல்லு வெள்ளையா உறைஞ்சு தேயிலை கருகுற காலையெல்லாம் மேகமில்லாத, காத்து அசையாத ராத்திரிக்குப் பின்னால வர்றது, அந்த மாதிரி நாள்ல வெளிக்காத்தே காய்வுதான். மத்தியான வெயில்ல ரேஸ்கோர்ஸ் பக்கம் நடந்தாலும் அன்னைக்கு முடி பறக்கும்.

அப்புறம் இன்னொரு சந்தேகம். வாழ்நாள் பூரா லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, அடுப்பு எரிஞ்சுதே, அங்க ஏன் இப்படி பறக்கல? யோசிச்சுப் பாத்தா, பறக்காம இல்ல. தை மாச ராத்திரியில கம்பளிய வேகமா உதறுனா இருட்டுல நீலமா பொறி பறக்கும், நானும் தம்பியும் அதுக்காகவே போர்வைக்குள்ள சண்டை போடுவோம், அம்மாயி "பேய் வந்துடும்" னு அதட்டும். ஆனா தலைமுடி பறந்ததா ஞாபகமில்ல. அடுப்பு மேல எப்பவும் கேத்தல் கொதிச்சுக்கிட்டிருக்கும், அதுக்கு மேல கயித்துல நனைஞ்ச துணி, ஒரு காம்பராக்குள்ள ஏழு எட்டுப் பேரு மூச்சு. காத்து காய வழியே இல்ல. அதோட தலையில எண்ணெய், சடை, மேல பருத்தித் துண்டு. புகையில கண்ணு போச்சு, நெஞ்சு போச்சு, அது வேற கணக்கு, லயத்து வாழ்க்கையப் பெருமை பேச நான் வரல.

நான் இப்ப செய்யிறது

பெருசா ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் சீப்ப விட்டுட்டு மரச்சீப்பு வாங்கினேன், இது ஒண்ணுக்கே பாதி குறைஞ்சுது. வேலைக்கு உள்ள போறதுக்கு முன்ன ஃபிளீஸ தலை வழியா இழுக்காம முன்பக்க சிப்ப தொறந்து கழட்டுறது. பஸ்ஸுல பருத்தித் துணியக் கட்டிக்கிட்டா மூடுபனியும் ஏறாது, உரசலும் கம்மி. சுடுதண்ணி விஷயத்துல எனக்கு என் மேலயே நம்பிக்கையில்ல, அந்தக் குளிர்ல தலைக்குச் சூடா ஊத்தாம யாரால இருக்க முடியும், ஆனா கடைசி ஒரு கோப்பைய வெதுவெதுன்னு ஊத்துறேன்.

ரொம்பப் பலன் குடுத்தது கண்டிஷனர். எங்க ஊருக் கடையில ஷாம்பு பைக்கட்டு தோரணமா தொங்கும், கண்டிஷனர் கேட்டா "அது டவுன்ல" ம்பாங்க. ஏதோ பணக்காரச் சாமான்னு நானும் வாங்காம இருந்தேன். பின்பக்கம் படிச்சா பெஹென்ட்ரைமோனியம் க்ளோரைட், செட்ரைமோனியம் க்ளோரைட்னு ஏதாவது போட்டிருக்கும். இதுங்களுக்கு பொசிடிவ் சார்ஜ். கழுவுன முடியோட மேல்பக்கம், அதுவும் அடிபட்ட எடம், நெகடிவ். அதனால தேவைப்படுற எடத்துலயே போய் ஒட்டிக்கிட்டு, தண்ணி ஊத்துனாலும் கொஞ்சம் தங்கும். வழுவழுப்பாக்கும், ஏறுற சார்ஜ் கசியவும் விடும். எண்ணெயால முடியாத வேலை அது. அதுக்காக எண்ணெய விடல, ராத்திரி வச்சுக் கட்டிட்டு காலையில அலசிடுறேன், மேனேஜர் கண்ணுக்குத் தெரியாது, முடிக்குப் போக வேண்டியது போயிடும். அம்மாயி சவுக்காரக் கட்டியால, தண்ணி குழாய் வழியா விழுற பீலிக்கரையில தலை குளிச்சுட்டு கடைசியா தேசிக்காய் புழிஞ்ச தண்ணி ஊத்துமே, அதுலயும் விஷயம் இருக்கு. சவுக்காரம் காரம், முடியோட செதில தூக்கி விடும், உரசல் கூடும். புளிப்பு அத திரும்ப அமத்தும்.

கிளிசரின் கலந்த சீரமெல்லாம் எனக்கு ஒத்துவரல. மூடுபனியில ஈரத்த இழுத்து இன்னும் உப்ப வைக்குது. கண்டிப் பிள்ள அதத்தான் சத்தியம் பண்ணுறா, அவ முடிக்கு நல்லாத்தான் இருக்கு.

பியானோ

இதெல்லாம் தலையில செய்யிற வைத்தியம். அப்பா சொன்னத, அதாவது ஹீட்டரக் குறைங்க, எங்கயாச்சும் தண்ணி வைங்கன்னு, நான் மேனேஜர்கிட்டயும் போய் சொன்னேன். கணக்கையும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். "கெஸ்ட் காம்ஃபர்ட் முக்கியம் மிஸ், உங்க தலை முக்கியமில்ல" ன்னு முடிச்சிட்டாரு. சரி, அவரு எடத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்னு நானும் விட்டுட்டேன்.

பெப்ரவரி மாசம் ஒரு கலியாணத்துக்கு அந்தப் பியானோவ வாசிக்கணும்னு கேட்டாங்க. சுருதி சேர்க்க கண்டியில இருந்து ஒரு பெரியவரு வந்தாரு. மூடியத் தொறந்து, டோர்ச் அடிச்சு உள்ள பாத்துக்கிட்டே நாக்கச் சப்புக்கொட்டுனாரு. உள்பலகையில நூல் மாதிரி ஒரு வெடிப்பு. பையில இருந்து வட்டமா ஒரு சின்ன மீட்டர எடுத்து உள்ள வச்சிட்டு, தேத்தண்ணி குடிச்சு முடிச்சு வந்து பாத்தாரு, 34 காட்டுச்சு. மேனேஜரக் கூப்பிட்டு நிக்க வச்சு, மரத்துக்கு 40-க்குக் கொறையாம ஈரம் வேணும், இந்த ஹீட்டர இப்படிப் போட்டா இன்னும் ரெண்டு சீசன்ல இது விறகுதான், இதோட வெலை தெரியுமான்னு கேட்டாரு. நானும் கண்டிப் பிள்ளையும் ரெஜிஸ்டர்ல தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னோம், நிமிந்தா சிரிச்சிடுவோம்.

அடுத்த நாள் காலையில வந்து பாக்குறேன், ரெண்டு ஹீட்டர் பக்கத்துலயும் எவர்சில்வர் தட்டத்துல தண்ணி. ஹீட்டர 22-ல இருந்து 19-க்கு எறக்கி, கை வைக்கக்கூடாதுன்னு நோட்டிஸ் ஒட்டியிருக்கு. பெரியவரு விட்டுட்டுப் போன மீட்டரு பியானோ மேல. நான் காலையில வந்ததும் மொதல்ல அதத்தான் பாப்பேன், 42, 44, நல்ல மூடுபனி நாள்ல 50 கூட. என் அபிப்பிராயத்துல தட்டத்துத் தண்ணிய விட அந்த 3 டிகிரி குறைச்சதுதான் வேலை செஞ்சிருக்கு, அவ்வளவு பெரிய லொபிக்கு ரெண்டு தட்டம் எந்த மூலைக்கு. எதா இருந்தாலும், முடி அடங்குச்சு. சாவி குடுக்குறப்ப யாரும் துள்ளல. கெஸ்டும் குளிருதுன்னு ஒருத்தரும் சொல்லல, கேட்டவங்களுக்கு ஒரு சால்வை குடுத்தோம், முடிஞ்சிது.

அப்பாகிட்ட சொன்னேன். "பியானோவுக்கு டீமேக்கர் இருக்காரு பாத்தியா" ன்னாரு, அவ்வளவுதான், டீவி பாக்கப் போயிட்டாரு. சலூன்காரிக்கு அந்த மீட்டர ஃபோட்டோ புடிச்சு அனுப்புனேன், அவ கடையில ஏசி போட்டதும் கஸ்டமர் முடி ஏன் பறக்குதுன்னு இப்ப அவ என்கிட்ட கேக்குறா. ஏசி வேற கதைடி, அது தண்ணியவே காத்துல இருந்து பிரிச்சு குழாய் வழியா வெளிய ஊத்துதுன்னு வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கேன்.

இப்ப லொபில ஓடுற சண்டை வேற. தட்டத்துல தண்ணி சாயங்காலத்துக்குள்ள வத்திடுது, அத நிரப்புறது யாரோட வேலைன்னு. ஹவுஸ்கீப்பிங் சொல்றாங்க அது ஃப்ரண்ட் ஒஃபிஸ் சாமான்னு, நாங்க சொல்றோம் பியானோ ரெஸ்டோரண்ட் கணக்குல இருக்குதுன்னு. நேத்து மேனேஜரே ஜக்கத் தூக்கிட்டு வந்து ஊத்துனாரு.